இடது பக்கம் மட்டும் ஏன் இருட்டு?

உவரியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, முக்கியமானதை மட்டும் தருகிறேன்:

"அண்ணாச்சி, எங்களுக்கு 30 அடி ஃபைபர் வள்ளம், பின்னால் 9.9 குதிரைத்திறன் எஞ்சின் ரெண்டு. கலவா, விளமீன் தூண்டில் போடுவோம், சீசனில் சிங்கிறால் வலை. போன மாதம் தெரிந்த ஒருவரிடம் 9 அங்குலத் திரை உள்ள சைடு ஸ்கேன் சோனார் (சத்தத்தை அனுப்பி, திரும்பி வருகிற எதிரொலியை வைத்துக் கடலடியைப் படமாகக் காட்டுகிற பெட்டி) பழசாக வாங்கினேன். கடையில் அவர் போட்டுக் காட்டியபோது படம் கண்ணாடி மாதிரி இருந்தது. சென்சாரைப் பின்பலகையில் வலது எஞ்சினுக்கு வலப்பக்கம் மாட்டியிருக்கிறேன். வலது பக்கம் சுமாராகத் தெரிகிறது, இடது பக்கம் பாதி இருட்டு. எஞ்சினை முடுக்கினால் திரை முழுக்கப் புள்ளிக் கோடு. 40 பாக ஆழத்தில் ஒன்றுமே தெரியவில்லை. லைட், வயர்லெஸ், சோனார் மூன்றுக்கும் ஒரே பேட்டரிதான். சென்சாரில் சிப்பி வேறு ஒட்ட ஆரம்பித்துவிட்டது, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா? 'கணியம் பார்த்துத் தொழில் செஞ்ச குடும்பத்துக்கு டிவிப் பெட்டி எதுக்குல' என்று அப்பா ஏசுகிறார். (கணியம் என்றால் கரை அடையாளங்களைக் கோணம் பார்த்துக் கடலில் இடம் கண்டுபிடிப்பது.) நான் ஏமாந்துவிட்டேனா?"

பாதி ஏமாந்திருக்கிறீர்கள் தம்பி, ஆனால் அது பெட்டியில் இல்லை. கடையில் பார்த்த அந்தக் கண்ணாடிப் படம் கடலே கிடையாது. இந்தப் பெட்டிகளில் சிமுலேட்டர் என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டுவிட்டால் சென்சாரே இல்லாமல் எங்கோ எடுத்து வைத்த படம் ஓடிக்கொண்டிருக்கும். விற்கிறவர் வேண்டுமென்று செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள வழக்கு. பழசு வாங்க நினைக்கிற மற்றவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: சென்சாரைத் தண்ணீரில் இறக்கி, வள்ளத்தை ஓட்டி, அடி தெரிவதைக் கண்ணால் பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள். (பழைய முதலாளி குறித்து வைத்த பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருந்தால் அது உங்கள் யோகம். பெட்டியை விற்கிறவர்கள் அழித்துவிட்டு விற்க வேண்டும், பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள்.)

உங்கள் கடிதத்தில் இருக்கிற நாலு தொல்லையில் பெட்டியின் கோளாறு என்று நான் நினைப்பது ஒன்றுமில்லை. மாட்டின இடம், கொடுத்த கரண்டு, பார்க்கப் போன ஆழம், இவ்வளவுதான்.

முதலில் அந்த இடது பக்க இருட்டு. ஆழம் பார்க்கிற சாதா எக்கோ சவுண்டர் கீழே மட்டும் சத்தத்தை அனுப்பும், டார்ச் அடிக்கிற மாதிரி. சைடு ஸ்கேன் அப்படியில்லை, வள்ளத்துக்கு இரண்டு பக்கமும் மெல்லிய விசிறி மாதிரி விரிக்கும். முன்னும் பின்னும் பார்த்தால் அந்த விசிறி கத்தி மாதிரி ஒல்லி, பக்கவாட்டில் மட்டும் வெகுதூரம் போகும். வள்ளம் நகர நகர ஒவ்வொரு கீற்றாக வாங்கி அடுக்கித்தான் படம் உண்டாகிறது. இப்போது நீங்கள் சென்சாரை வைத்த இடத்தை யோசியுங்கள். அதற்கு இடது கையில் ஒரு சாண் தள்ளி வலது எஞ்சினின் கால் தண்ணீருக்குள் நிற்கிறது, அதைத் தாண்டி இடது எஞ்சினின் கால். கதவு இடுக்கு வழியாகத் தெருவைப் பார்க்கிற கதைதான். இதைச் சோதிக்கக் காசு வேண்டாம். காற்று இல்லாத ஒரு காலையில் வலது எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டு, இடது எஞ்சினில் மட்டும் மெதுவாக நேராக ஓட்டுங்கள். இடது பக்கப் படம் கொஞ்சமாவது திறந்தால் நான் சொன்னதுதான் காரணம். துளிகூட மாறவில்லை என்றால் மட்டும் சென்சாரைச் சந்தேகப்படுங்கள்.

உங்கள் மாதிரி இரண்டு எஞ்சின் மாட்டுகிற, கரையில் இழுத்து ஏற்றுகிற வள்ளத்துக்குப் பின்பலகை சரியான இடமே இல்லை. வள்ளத்தின் நடுவாக்கில், விளிம்பில் ஒரு கிளாம்பு போட்டு, எஸ்.எஸ். குழாயின் நுனியில் சென்சாரை மாட்டி, வேண்டும்போது இறக்கி வேண்டாதபோது மடக்கித் தூக்குகிற மாதிரிச் செய்யுங்கள். இதில் இரண்டு விஷயம் கவனம். ஒன்று, வள்ளத்தின் அடிக்கும் கீழே ஒரு சாணாவது சென்சார் இறங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இப்போது எஞ்சின் மறைத்ததை அப்புறம் வள்ளமே மறைக்கும். இன்னொன்று, குழாய் ஆடக்கூடாது. கனமான குழாயாக எடுத்து, கீழ்நுனியிலிருந்து வள்ளத்தின் முன்பக்கமான அணியத்துக்கு ஒரு கயிறு இழுத்துக் கட்டிவிடுங்கள். குழாய் ஆடினால் படமும் பாம்பு மாதிரி நெளியும். துளை போட மனசு வராமல் ஃபைபருக்கு உள்ளேயே ஒட்டிக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பார்கள். சாதா எக்கோவின் சென்சாரை அப்படி ஒட்டி ஓட்டுகிறவர்கள் உண்டு. சைடு ஸ்கேனுக்கு அது நடக்கவே நடக்காது, நேராகத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

தூக்குகிற வசதியை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் தலையில் வாங்கின ஒரு குட்டு. சோனார் மாட்டுகிற இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வள்ளத்துக்குக் குழாயை இரண்டு போல்ட் போட்டு இறுக்கி அசையாமல் நிறுத்திவிட்டேன். பார்க்க அம்சமாக இருந்தது. மூன்றாம் நாள் கரையேறும்போது பின்னால் வந்த அலை வள்ளத்தைத் தூக்கி மணலில் உட்கார வைத்தது, மொத்தப் பாரமும் சென்சாரின் காதில் இறங்கி அது இரண்டாகப் போய்விட்டது. வள்ளத்தின் சொந்தக்காரரான சம்மாட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை, உடைந்த துண்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து குழாய் மடங்குகிற கீல் இருக்கிற இடத்தில் இரும்பு போல்ட்டுக்குப் பதிலாக ஒரு மரக்குச்சியையோ நைலான் போல்ட்டையோதான் போடுகிறேன். எதிலாவது இடித்தால் முதலில் அது முறியட்டும்.

அடுத்தது புள்ளிக் கோடு. எஞ்சினை முடுக்க முடுக்கக் கோடு நெருக்கமாகிறது என்றால் அது எஞ்சினின் கரண்டு இரைச்சல், ஒரே பேட்டரியில் எல்லாவற்றையும் தொங்கவிட்டதன் பலன். அதுவே கோடு இல்லாமல் வெள்ளையாகப் பஞ்சு பறக்கிற மாதிரி இருந்தால் ப்ரொப்பல்லர் கிளப்புகிற காற்றுக் குமிழி. இரண்டும் வேறு வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். பழைய எக்கோவையும் கூடவே ஓட விட்டிருந்தால் அதை அணைத்துப் பாருங்கள், ஒன்றின் சத்தம் இன்னொன்றுக்குக் கேட்டாலும் இப்படிக் கோடு விழும். அதிலும் போகவில்லையா, சோனாருக்கென்று தனி பேட்டரி ஒன்று. கணக்கு எளிது: 9 அங்குலத் திரை 2 ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், 10 மணி நேரம் கடலில் இருந்தால் 20 ஆம்பியர்-அவர். சாதா லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும், ஆகவே 12 வோல்ட்டில் 40 ஆம்பியர்-அவர் வாங்குங்கள். கரைக்கு வந்ததும் வீட்டில் சார்ஜ் போடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். பிளஸ் வயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, பெட்டியின் கையேட்டில் போட்டிருக்கிற அளவில் ஒரு பியூஸ் வேண்டும். பியூஸ் போச்சு என்று ஈயத்தாளைச் சுற்றுகிற பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு, 50 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்ப் பெட்டியையே எரித்துக்கொள்வது அப்படித்தான்.

சென்சார் கேபிளை எஞ்சின் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள், நீளமாக இருக்கிறது என்று வெட்டி ஒட்டவும் செய்யாதீர்கள், மீந்ததைச் சுருட்டி வையுங்கள். சாதாச் செம்பு வயர் உப்புக் காற்றில் உறைக்குள்ளேயே பச்சையாகக் களிம்பு பிடித்துவிடும். வெளியே பார்க்கப் புதுசாக இருக்கும், உரித்தால் கரிப்பொடி. வெள்ளீயம் பூசின வயர் கேட்டு வாங்குங்கள், விலை கூடத்தான். ஒவ்வொரு பிளக்கிலும் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். எஞ்சினுக்குப் போடுகிற கிரீஸ் வேண்டாம்.

இனி 40 பாகம். இதுதான் எனக்கு அடிக்கடி வருகிற கேள்வி. 40 பாகம் என்றால் 73 மீட்டர், அங்கே உங்கள் பெட்டிக்கு ஒன்றும் தெரியாது, தெரியவும் செய்யாது. நுணுக்கமாகப் படம் வேண்டும் என்றால் சத்தத்தின் சுருதி, அதாவது அதிர்வெண், மிக உச்சத்தில் இருக்க வேண்டும். சைடு ஸ்கேனில் வழக்கமாக வருவது 455 கிலோஹெர்ட்ஸ், 800 கிலோஹெர்ட்ஸ், சிலதில் 1.2 மெகாஹெர்ட்ஸ். சுருதி எவ்வளவு உச்சமோ அவ்வளவு சீக்கிரம் தண்ணீர் அதைக் குடித்துவிடும். கடல் தண்ணீர் இன்னும் மோசம். அதில் கரைந்திருக்கிற மெக்னீசியம் சல்பேட், அதாவது நம் வீட்டில் பேதி உப்பு என்போமே, அதற்கு இந்தச் சத்தத்தை விழுங்குகிற குணம் உண்டு. இணையத்தில் நீங்கள் பார்க்கிற அழகழகான வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் நல்ல தண்ணீர் ஏரியில் எடுத்தவை, அதை வைத்து நம் கடலை அளக்காதீர்கள். 455-ல் வைத்தால் தண்ணீர் அமைதியாக இருக்கிற நாளில் 20, மிஞ்சினால் 25 பாகம் வரை உருப்படியாகப் பார்க்கலாம். மெகாஹெர்ட்ஸ் படம் அதற்கு முன்னாலேயே மங்கிவிடும். 40 பாகத்துக்குச் சாதா எக்கோவில் 50 கிலோஹெர்ட்ஸ் போதும்.

கடலாய்வுக் கப்பல்கள் மட்டும் எப்படி ஆழத்தில் பார்க்கின்றன என்று கேட்பீர்கள். அவர்கள் சென்சாரைக் கப்பலில் மாட்டுவதில்லை, மீன் மாதிரி ஒரு கூட்டில் வைத்துக் கம்பியில் கட்டி அடிக்குப் பக்கத்தில் இறக்கி இழுத்துப்போகிறார்கள். அப்படி இழுத்துப்போகிற சைடு ஸ்கேனை 1960-களில் அமெரிக்காவில் எட்ஜர்ட்டன், மார்ட்டின் கிளைன் போன்ற பொறியாளர்கள் செய்தார்கள். சின்னப் படகின் பின்பலகையில் மாட்டுகிற அளவுக்கு அதைச் சுருக்கி ஹம்மின்பேர்ட் கம்பெனி கொண்டுவந்தது 2005-ல். ஆக, உங்கள் பெட்டி மேலே நின்றுகொண்டு பார்க்கிற பெட்டி. சிங்கிறால் வலை விடுகிற 5 பாகம், 10 பாகம் பாருக்குத்தான் அது ராஜா.

அங்கே அதை எப்படிப் பார்ப்பது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் வாங்கினவர்களில் முக்கால்வாசிப் பேர் நடுவில் இருக்கிற கறுப்புப் பட்டையைக் கோளாறு என்று நினைத்து எனக்கு ஃபோன் போடுகிறார்கள். அந்தக் கறுப்புப் பட்டை வள்ளத்துக்கும் அடிக்கும் இடையில் இருக்கிற வெறும் தண்ணீர். நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கத்துக்கு அதன் அகலம்தான் ஆழம். அதற்கு வெளியே மணல் ஒரே சீராக, சில இடத்தில் அலைவரி போட்டுத் தெரியும். சேறு மங்கல். பார் என்றால் பளிச்சென்று சொரசொரப்பாகத் தெரியும், அதன் பின்னால் கறுப்பாக நிழல் விழும். அந்த நிழலைத்தான் பார்க்கப் பழக வேண்டும். சாயங்கால வெயிலில் பனைமர நிழல் நீளமாக விழுவது போல, வள்ளத்திலிருந்து தள்ளிப் போகப் போக நிழல் நீளும். ஆழம் 15 மீட்டர், திரையில் 30 மீட்டர் தூரத்தில் ஒரு பாறை, அதன் நிழல் 6 மீட்டர் என்று வையுங்கள். நிழல் முடிகிற இடம் 36. 6-ஐ 15-ஆல் பெருக்கி 36-ஆல் வகுத்தால் 2.5. அந்தப் பாறை அடியிலிருந்து இரண்டரை மீட்டர் எழும்பி நிற்கிறது, கலவா ஒதுங்க வசதியான வீடு. கலவாவைத் திரையில் தேடாதீர்கள், அது பொந்துக்குள் இருக்கும். மேலே மிதக்கிற மீன் சின்ன வெள்ளைப் புள்ளியாகவும் அதன் நிழல் கொஞ்சம் தள்ளித் தனியாகவும் விழும், அந்த இடைவெளி கூடக் கூட மீன் அடியிலிருந்து உயரத்தில் நிற்கிறது என்று அர்த்தம்.

வேகம் 3 முதல் 5 நாட் போதும், நேராக ஓட்டுங்கள். வளைத்தால் படம் ஒரு பக்கம் இழுபட்டு மறுபக்கம் சுருங்கும். தூரத்தை ஆழத்தைப்போல மூன்று மடங்கு வையுங்கள், 12 பாகம் என்றால் பக்கத்துக்கு 65 மீட்டர் அளவில். அலையைப் பக்கவாட்டில் வாங்காமல் முன்னுக்கோ பின்னுக்கோ வாங்கி ஓட்டினால் படம் நெளியாது. நங்கூரம் போட்டுவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பலனில்லை, வள்ளம் நகராவிட்டால் ஒரே கீற்றையே திரும்பத் திரும்பப் போட்டுக் கோடு கோடாக இழுத்துவைக்கும். அப்போது சாதா எக்கோவுக்கு மாற்றிவிடுங்கள். ஆடிக் காற்றில் இதையெல்லாம் முயற்சி செய்யவே வேண்டாம்.

சிப்பிக்கு வருகிறேன். உப்புத்தாளைத் தொடாதீர்கள். கத்தி, பெட்ரோல், தின்னர் எதுவும் கூடாது. தின்னர் பட்டால் முகத்துப் பிளாஸ்டிக் முதலில் பளபளக்கும், அப்புறம் மயிரிழையாக வெடிக்கும், அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் ரிப்பேர் என்பதே கிடையாது. ஒரு வாளி நல்ல தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற சோப்பைக் கரைத்து, சென்சாரை அரை மணி நேரம் ஊற வையுங்கள். அப்புறம் மரக் கரண்டியின் விளிம்பாலோ பழைய பிளாஸ்டிக் கார்டாலோ சாய்த்துப் பிடித்து மெல்லத் தள்ளினால் சிப்பி பெயர்ந்து வரும். அடியில் வெள்ளையாக வட்டமாக ஒரு சுண்ணாம்புத் தடம் நிற்கும். அதை நகத்தால் சுரண்டாமல் மறுபடி சோப்புத் தண்ணீரில் போட்டு, துணியால் நாலைந்து நாள் துடைத்துப் பாருங்கள். படகு அடியில் அடிக்கிற செம்புப் பெயின்ட்டைச் சென்சாரில் பூசாதீர்கள். சென்சாருக்கென்றே தண்ணீர் கலந்து செய்த (வாட்டர் பேஸ்டு) பெயின்ட் வருகிறது, அதையும் மெல்லிசாக ஒரே கோட். ஆனால் நான் சொன்னபடி தூக்குகிற குழாய் போட்டுவிட்டால் இந்தச் செலவே இல்லை, தண்ணீருக்கு வெளியே இருக்கிறதில் சிப்பி எங்கே ஒட்டும்? தூக்கி வைத்திருக்கும்போது பெட்டியை அணைத்துவிடுங்கள், காய்ந்த சென்சாரை ஓடவிடுவது அதற்கு நல்லதில்லை.

திரையில் உப்புப் படிந்திருக்கும்போது லுங்கி முனையால் துடைப்பது உப்புத்தாள் போடுவதற்குச் சமம். முதலில் நல்ல தண்ணீரை ஊற்றி உப்பைக் கரைத்து இறக்குங்கள், அப்புறம் மெல்லிய துணி. கண்ணாடி துடைக்கிற ஸ்பிரே வேண்டாம். விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், எல்லாவற்றையும் ஆற அமரக் கழற்றிப் பார்ப்பார்கள். நாட்டுப்படகுக்கு அந்த ஓய்வு கிடையாது. அதனால் கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் கால் மணி நேரம் ஒதுக்கி, பிளக் எல்லாவற்றையும் ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். குறித்த இடங்களை மெமரி கார்டில் ஏற்றி வீட்டில் ஒரு பிரதி வையுங்கள். பெட்டி போனால் வாங்கிக்கொள்ளலாம்.

அப்பா சொன்னது. அவரோடு சண்டை போடாதீர்கள், அடுத்த முறை கூட்டிக்கொண்டு போங்கள். கரையில் கோயில் கோபுரமும் மலையும் எந்தக் கோணத்தில் ஒன்றுசேர்ந்தால் எந்தப் பார் என்று அவர் தலைக்குள் இருக்கிறது. கடலெல்லாம் தேடித் தேடி சோனார் ஓட்ட டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் யார் காசு கொடுப்பது? அவர் கணியம் பார்த்து "இங்கதாம்ல" என்கிற இடத்தில் நீங்கள் குழாயை இறக்கி, நாலு முறை பக்கத்தில் பக்கத்தில் நேர்கோடாக ஓட்டுங்கள். பார் எங்கே முடிந்து மணல் எங்கே தொடங்குகிறது என்கிற விளிம்பு அப்போதுதான் கிடைக்கும். சிங்கிறால் வலையை அந்த விளிம்பை ஒட்டி மணலில் விட்டால் பாரில் மாட்டிக் கிழிவது குறையும். ஒரு சீசனில் எத்தனை வலை கிழியாமல் தப்பித்தது என்று எண்ணிப் பாருங்கள், பெட்டிக்குப் போட்ட காசு வந்ததா இல்லையா என்பது அதில் தெரிந்துவிடும். சாளையும் சூரையும் எந்தப் பக்கம் என்று தெரிய இந்தப் பெட்டி வேண்டியதில்லை, ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோளில் கடல் சூட்டையும் தண்ணீரின் பச்சை நிறத்தையும் பார்த்து மீன்பிடி இடம் சொல்கிறது, அதைப் பாருங்கள்.

இப்போதைக்குப் புது சென்சார் எதுவும் வாங்காதீர்கள். வலது எஞ்சினைத் தூக்கிவிட்டு ஓடும்போது ஒரு படம், இரண்டு எஞ்சினையும் நிறுத்தி மிதக்கும்போது ஒரு படம், தனி பேட்டரியில் மாட்டி எஞ்சினை முடுக்கும்போது ஒரு படம், மூன்றையும் திரையிலேயே சேமித்து எனக்கு அனுப்புங்கள். மிதக்கும்போதும் புள்ளிக் கோடு நிற்கவில்லை என்றால் கேபிளைக் கழற்றிக்கொண்டு நேரில் வாருங்கள்.